உன் கைக்கடிகாரத்தில் ஒரு கீறல்

நான் தோளில் போட்டு வளர்த்த தம்பி ஏகாம்பரத்துக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. போன இடத்தில் உன்னை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. யாராவது வந்து சொன்னாலும் நம்பமாட்டேன். இங்கே நடந்ததை மட்டும் எழுதுகிறேன். உன் கைக்கடிகாரத்தில் கீறல் விழுந்துவிட்டது.

உடையாத கண்ணாடி என்று எத்தனை பேரிடம் பீற்றியிருப்பாய். பட்டாபிராமில் ராணுவச் சரக்கு இறக்கும் ரயில் சைடிங்கில் நீ மேஸ்திரியாக இருந்தாய். சண்டை முடிந்து கப்பலேறப் போன ஒரு சோல்ஜர் தன் கையிலிருந்து கழற்றி உனக்குக் கொடுத்துவிட்டுப் போன கடிகாரம். "தரையில போட்டாக்கூட ஒடையாது அக்கா" என்பாய். ஆனால் ஒருநாளும் போட்டுக் காட்டியதில்லை. கைக்குட்டையில் சுற்றித்தான் வைப்பாய். இப்போதும் அது உடையவில்லை, தம்பி. கீறல்தான்.

விஷ ஜுரத்தில் பேச்சு நிற்பதற்கு முன்னால் அதை என் கையில் கொடுத்தாய். கட்டிய பெண்டாட்டி தனம் தலைமாட்டில் நிற்கிறாள், நீ அக்காவிடம் கொடுத்தாய். ஏன்? நம் வீட்டில் மணி பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதாலா? திருநின்றவூர் ஸ்டேஷன் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, எந்த வண்டி வரும்போது எந்த முள் எங்கே நிற்கிறது என்று நானாகவே கற்றுக்கொண்டேன். எழுத்தும் அப்படித்தான், மளிகை கட்டி வந்த காகிதத்தில். யாரும் எனக்கு எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதனால் யாருக்கும் நான் கடன்பட்டவள் இல்லை.

அன்றிலிருந்து ரயிலில் ஆவடி சந்தைக்குக் கீரைக்கூடை எடுத்துப் போகும்போது அதை இடது கையில் கட்டிக்கொள்கிறேன். அறுத்துப் போட்ட கிழவி ஆம்பளை கடியாரம் கட்டிக்கொண்டு போகிறாள், ஸ்டேஷன் மாஸ்டர் வேலை கிடைத்துவிட்டதா என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மதியம் ஏரிக்காலில் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கப் போவேன். ஈரம் படக்கூடாது என்று, அப்போது மட்டும் கழற்றி உன் கைக்குட்டையில் சுற்றி விளக்கு மாடத்தில் வைப்பேன்.

இந்த மாசியில் ஒரு காலை சாவி கொடுக்க எடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பியபோது தெரிந்தது. இரண்டு என்ற எண்ணிலிருந்து ஐந்தை நோக்கி, மயிர் போல ஒரு கோடு. சற்றே வளைந்த கோடு. புடவைத் தலைப்பால் துடைத்தேன். எச்சில் தொட்டுத் துடைத்தேன். கண்ணில்தான் ஏதோ விழுந்திருக்கிறது என்று கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தேன். கோடு அங்கேயே இருந்தது.

உன் உடம்பை எடுத்துப் போனபோதுகூட எனக்கு அப்படி ஆத்திரம் வரவில்லை என்று சொன்னால் என்னைத் திட்டுவாயா? நீ போனது கடவுள் வேலை. இது யாரோ மனிதர் வேலை.

ரயில் கூட்டத்தில் விழுந்த கீறலாக இருக்க முடியாது. வண்டியில் ஏறினால் அந்தக் கையைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வேன். அடுத்தது பக்கத்து வீட்டுப் பொன்னம்மா. ரயிலும் ஏறாதவள், ஆபீசும் போகாதவள், தினமும் வந்து மணி கேட்கிறவள். நான் வெயிலில் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு அவளே வந்தாள்.

"இன்னா எக்கா, கடியாரத்துக்கு வெயிலு காட்டிக்கினு கீற?"

"நீ தொட்டியா இத?"

"நானா? மணி தெரிஞ்சிகினு நான் எந்த ரயிலப் புடிக்கப் போறேன்?"

"தெனம் வந்து கேக்கிறியே."

"பேச்சுக் குடுக்கத்தான் கேக்கறேன். உன்கிட்ட வேற இன்னாத்த கேக்க முடியும்? எத கேட்டாலும் ஏன் கேக்கறேன்னு கேப்ப."

அவளை முழுதாக விட்டுவிடவில்லை. ஆனால் அடுத்த ஆளைப் பார்க்க வேண்டியிருந்தது. தனத்தின் அண்ணன் முருகேசன். அந்த வாரம்தான் காட்டுப்பாக்கத்திலிருந்து தங்கையைப் பார்க்க வந்துவிட்டுப் போனான். வந்தவன் சோறு தின்றோமா போனோமா என்று இல்லாமல், மாடத்தைப் பார்த்து "மாப்ள கடியாரம் இன்னும் ஓடுதா?" என்று கேட்டான். ஓடினால் உனக்கென்ன, நின்றால் உனக்கென்ன? கத்தி முனையால் நெம்பி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருப்பான். தங்கையைக் கூட்டிப் போனால் கடிகாரமும் கூட வருமா என்று கணக்குப் போட்டிருப்பான்.

அப்புறம் தனம். உன் பெண்டாட்டி அதிகம் பேசமாட்டாள், உனக்குத் தெரியும். பேசாதவர்களை நான் நம்புவதே இல்லை. அடுப்பங்கரையில் நிறுத்திக் கேட்டேன்.

"கடியாரத்தத் தொட்டியா?"

"கீய வுழல அண்ணி."

தொட்டாயா என்று கேட்டால் கீழே விழவில்லை என்கிறாள். கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. அண்ணனும் தங்கையும் சேர்ந்த வேலை என்று முடிவு கட்டினேன். மறுநாள் ஆவடி சந்தைக்குக் காட்டுப்பாக்கத்து வண்டிக்காரன் ஒருவன் வந்திருந்தான். 'வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து உங்க பொண்ணை அழைச்சிக்கினு போங்க' என்று அவனிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். நீ இருந்தால் தடுத்திருப்பாய். நீதான் இல்லையே.

சொல்லி அனுப்பியதைத் தனத்திடமும் சொன்னேன். அழவில்லை. "அங்க எங்க அண்ணி கீறாங்களே" என்று மட்டும் சொன்னாள். அவளுடைய அண்ணன் பெண்டாட்டியைத்தான் சொன்னாள். அந்த வீட்டில் புருஷன் போனவள் விடிகாலையில் எதிரே வரக்கூடாது, நல்ல நாளில் வெளியே நிற்கக்கூடாது என்று சட்டம். போனால் மாட்டுக் கொட்டகைக்கும் கிணற்றுக்கும் நடுவில்தான் அவள் காலம் போகும். தெரிந்தேதான் சொல்லி அனுப்பினேன். கடிகாரத்தைக் கீறியவளுக்கு நான் ஏன் இரங்க வேண்டும்?

இரண்டு நாள் கழித்து, வியர்வை படிந்த தோல்வாரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். வார் நுழையும் இடுக்கில் ஏதோ மின்னியது. ஊசியால் நெம்பி எடுத்தேன். கிளிப்பச்சைக் கண்ணாடித் துணுக்கு. அரிசிக் குருணை அளவுகூட இல்லை. உடைந்த வளையலின் துணுக்கு.

கீறலின் வளைவு அப்போது புரிந்தது. கத்தி அப்படிக் கீறாது. ஆனால் யாருடைய வளையல்? பொன்னம்மா போடுவது சிவப்பு. முருகேசன் வளையல் போடமாட்டான். என் கை எனக்குப் பத்தொன்பது வயதில் மூளியானது. தனத்தின் வளையல்களைப் பத்தாம் நாள் ஏரிக்கரையில் வைத்து உடைத்தாயிற்று. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டதே நான்தான், முறை அப்படி. அவை கறுப்பு வளையல்கள். அப்படியென்றால் நான் இல்லாத நேரத்தில் வளையல் போட்ட எவளோ என் வீட்டுக்குள் வந்து போகிறாள்.

அன்று பாத்திக்குப் போகிற மாதிரி குடத்தை எடுத்துக்கொண்டு போய், பாதி வழியில் திரும்பிவிட்டேன். கொல்லைப் பக்கமாக வந்தேன். தனம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இடது கையில் உன் கடிகாரம். அதே கையில், அதற்கு மேலே, கிளிப்பச்சை வளையல்கள். ஒவ்வொரு புடைப்புக்கும் கிலுங்கின.

என்னைப் பார்த்ததும் கையை மறைக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான்.

"ஏது இது?"

"அவரு வாங்கியாந்தது அண்ணி. பூந்தமல்லி சந்தையில. வாங்கியாந்த அன்னிக்கு சாயங்காலமே ஜொரம் வந்துட்ச்சி. நான் போட்டுக் காட்டவே இல்ல. பொட்டியில வச்சிட்டேன்."

"பத்தாம் நாளு ஏன் சொல்லல?"

"கையில இருந்ததத்தான் ஒடச்சாங்கோ. பொட்டியில இன்னா கீதுன்னு யாரும் கேக்கல."

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

இவ்வளவு நாளில் அவள் என்னிடம் நேராகச் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

"கடியாரத்த ஏன் எடுத்த?"

"அது அவரு கையில இருந்தது. இது என் கைக்கு வாங்கினது. ரெண்டயும் ஒண்ணா போட்டுப் பாத்தேன். ஒரு வளையலு விரிசலு வுட்டிருந்தது, அது ஒரசிட்ச்சி."

எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "புத்தி கீதா உனக்கு? கண்ணாடி வளையலையும் கடியாரத்தையும் எவளாவது ஒரே கையில போடுவாளா?" என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் யோசித்தேன். அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நம் ஊரில் கடிகாரம் கட்டிய பொம்பளை நான் ஒருத்தி. என் கையில் வளையல் கிடையாது. வளையல் போட்ட எவளும் கடிகாரத்தைத் தொட்டதே இல்லை. இரண்டும் ஒரே கையில் சேர்ந்தால் உரசும் என்பது திருநின்றவூரில் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

எனக்கு வளையல் உடைத்த அன்று நீ கைக்குழந்தை, ஏகாம்பரம். உன்னிடம் இதைச் சொன்னதில்லை. எனக்கு ஒரு பெட்டி இல்லை, அதில் ஒளித்து வைக்க ஒரு ஜோடி இல்லை. இருந்திருந்தால் நானும் கொடுத்திருக்கமாட்டேன் என்று அந்த முறத்துக்கு முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முருகேசன் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவன் வருவதற்கு முன்னால் தனத்தைக் கூப்பிட்டு, விரிசல் விட்ட வளையலைக் கழற்றி எறியச் சொன்னேன். மற்றதை வலது கையில் போடச் சொன்னேன். கடிகாரத்தை அவளுடைய இடது கையில் நானே கட்டினேன். வந்தவன் தங்கையின் வலது கையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"இன்னா எக்கா இது? ஊரு சிரிக்காது?"

"எங்க ஊரு என்னப் பாத்து எப்பவோ சிரிச்சி முடிச்சிட்டது. நீ சொல்லு, இந்தக் கையோட கூட்டிக்கினு போவியா?"

"எங்க ஊட்ல பெரியவங்க கீறாங்க. இத கயட்டிட்டு வரட்டும்."

"தனம், கயட்றியா?"

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "கயட்டல. போவல" என்றாள்.

"வந்து இட்டுக்கினு போன்னு நீதான எக்கா சொல்லி அனுப்பிச்ச?"

"அனுப்பிச்சேன். இப்ப வேணான்றேன். குந்து, சோறு துன்னுட்டுப் போ. மாட்டுக்கும் தண்ணி காட்டு."

மனசில்லாமல் சாப்பிட்டான். இரண்டாம் முறையும் குழம்பு கேட்டான். போகும்போது கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

நான் ஏதோ திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. தனத்தின் பெட்டியில் இன்னும் என்ன இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் காதில் வளையல் விஷயத்தைப் போட்டது பொன்னம்மாதான் என்றும் சந்தேகம். இரண்டு பேர் வந்தார்கள். "அறுத்தவளுக்கு வளையல் எதுக்கு?" என்றார்கள். "கயட்டணும்னா நீங்களே வந்து கயட்டுங்க, அவ கை இதோ கீது" என்றேன். ஒருவர் இருமினார். இன்னொருவர் மணி என்ன என்று கேட்டார். தனம் எனக்குக் கையை நீட்டிக் காட்டினாள், நான் சொன்னேன். போய்விட்டார்கள்.

அவர்கள் வேறு மாதிரி சொல்லித் திரிவார்கள் என்றுதான் இதைப் பட்டணத்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நடந்தது அச்சில் இருக்கட்டும். அச்சுக் கோர்ப்பவர் நடுவில் ஒரு வரியை விழுங்கிவிடுவாரோ என்று பயம்தான். வந்ததும் எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பேன்.

கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாம் என்கிறார் ஆவடியில் கடிகாரம் பழுது பார்க்கிறவர். ஒரு நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். ஒரு நாள் எதற்கு? தேய்க்க ஒரு நாழிகை போதாதா? உள்ளே இருப்பதை மாற்றிவிட்டால் நான் எங்கே போய்க் கேட்பேன்? கொடுக்கவில்லை. கீறலோடே ஓடுகிறது. அதைத் தாண்டி முள் போகும்போது என் கண் முதலில் கோட்டைத்தான் பார்க்கிறது. இன்னும் பழகவில்லை.

இதெல்லாம் நடக்கும் என்று தெரிந்துதான் கடிகாரத்தை என்னிடம் கொடுத்தாய், தனத்தை என்னிடம் விடத்தான் கொடுத்தாய் என்கிறாள் பொன்னம்மா. எனக்கு நம்பிக்கை இல்லை. நீ அவ்வளவு தூரம் யோசிக்கிறவன் இல்லை. வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிறான் என்றுகூடத்தான் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அவன் கப்பல் ஏறட்டும், அப்புறம் பார்க்கலாம்.

சித்திரையில் உன் முதல் திவசம் வருகிறது. காட்டுப்பாக்கத்தார், நம் பங்காளிகள், எல்லோருக்கும் சொல்லியாயிற்று. அன்றைக்கு உனக்கு விளக்கேற்றப் போவது தனம்தான். வலது கையால்தான் ஏற்றுவாள். பார்க்க மனசில்லாதவர்கள் இலையை விட்டு எழுந்து போகலாம், போட்ட சோற்றை நான் மாட்டுக்கு வைப்பேன். அவள் மணிக்கட்டைப் பிடிக்க இனி ஒருவர் கை நீட்டினால், முதலில் என்னைத் தாண்டி வரவேண்டும். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உனக்கு அக்கா,
தனத்துக்கு நாத்தனார்.