உன் இடத்தில் ஒலித்த சுரம்

அக்கா,

இன்று கடையில் முதலாளியம்மா குங்கிலியத்தை உடைத்துத் தணலில் போட்டார்கள். உன் வயலின் பெட்டியைத் திறந்த மாதிரி இருந்தது. வில்லில் நீ தேய்க்கும் ரோசின் கட்டிக்கும் இதே பிசின் வாசனைதான். மொட்டையடித்துக்கொண்டு மலைக்கோயிலிலிருந்து இறங்கியவர்களுக்குத் தொப்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

சர்ச்சில் பழகிய வயலினோடு நீ சென்னையில் ஒரு மேற்கத்திய இசைக்குழுவில் சேர்ந்தபோது எதிர்வீட்டு அத்தை கேட்டது நினைவிருக்கிறதா? "ஆர்கெஸ்ட்ரான்னா கல்யாணத்துல பாடுவாங்களே, அதாடி?"

"ஆங் அத்தை, அதான். பாடத்தான் ஆளு இல்ல" என்றாய், சிரிக்காமல்.

அந்தக் குழுவோடு நீ வாசிக்கவிருந்த கச்சேரியின் முதல் பாதி, எல்லோருக்கும் பிடித்த பழைய இசை. நீ அதை வீட்டில் வாசித்தால் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். இரண்டாம் பாதிக்குப் புதிதாக எழுதிய ஒன்று. அதை எடுத்தால் அம்மா கதவைச் சாத்துவாள். அதில் உன் வேலை பெரும்பாலும் காத்திருப்பதுதான். காலால் தட்டி எண்ணிக்கொண்டே இருப்பாய். பிறகு ஒரே ஒரு தாழ்ந்த சுரத்தை வில்லின் நுனிவரை இழுப்பாய்.

"இன்னாக்கா இது, மாவு மிஷின் ஓடுற மாதிரி கீது?"

"தனியா கேட்டா அப்படித்தான் இருக்கும். எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது வந்து கேளு."

"அவ்ளோ ஜனத்துலயா? நான் வரல."

"இருட்டாத்தான்டி இருக்கும். உன்ன எவன் பாக்கப் போறான்? இத எழுதினவரு உயிரோட கீறாரு தெரியுமா? தப்பா வாசிச்சா நேர்ல வந்து கேப்பாரு. எனக்குத்தான் பயம்."

கூட்டம் என்றால் எனக்குக் குரல் எழும்பாது. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டதும் பாதி அதனால்தான். இருந்தும் உனக்காக வருகிறேன் என்றேன்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் உன்னை ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் படுக்க வைத்தோம். அம்மா உன் சில்லிட்டுப்போன விரல்களை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

கச்சேரி தள்ளிப்போகவில்லை. நீ வாங்கி வைத்த நுழைவுச்சீட்டுகளோடு அம்மாவும் நானும் ரயிலேறினோம். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. உன் சுரம் வரும் இடத்தில் ஒரு குறை கேட்க வேண்டும். நீ இல்லை என்பது அத்தனை பேருக்கும் தெரிய வேண்டும்.

உன் நாற்காலி காலியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. உனக்குப் பின்னால் இருந்தவர்கள் ஆளுக்கோர் இடம் முன்னால் நகர்ந்திருந்தார்கள். காலியிடம் வரிசையின் கடைசிக்குப் போயிருந்தது. அங்கே நாற்காலியே போடவில்லை.

பழைய இசைக்கு அரங்கமே கைதட்டியது. புதியது தொடங்கியதும் என் கால் தானாகத் தட்ட ஆரம்பித்தது. காத்திருப்பு முடியும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சுரம் வந்தது. முழுதாக வந்தது. குழல்களும் முரசும் அதன்மேல் ஏறி நின்றன. நீ சொன்னது சரிதான் அக்கா, சேர்ந்து கேட்டால் அழகாகத்தான் இருந்தது. ஒரு குறையும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா என் காதருகே குனிந்தாள். "நம்ம பாப்பா வாசிக்கிற இடம் வந்துச்சாடி?"

"ஆங், இதான்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

முடிந்ததும் எழுதியவர் மேடையேறிக் கும்பிட்டார். நீ சொன்னபடியே உயிரோடு இருந்தார்.

கடை சாத்திவிட்டு நடந்து வரும்போது, யாரும் இல்லையென்றால், வாயை மூடிக்கொண்டு அந்தச் சுரத்தை இழுத்துப் பார்க்கிறேன். என் மூச்சு உன் வில் அளவுக்கு நீளமில்லை. பாதியில் அறுந்துவிடுகிறது. அங்கிருந்து உன் வில் நுனிவரை மிச்சமிருக்கும் நேரத்தை, காலடியால் எண்ணிக்கொண்டு, சும்மா நடந்து கடக்கிறேன். அன்று அரங்கத்தில் கேட்காத குறை அங்கேதான் கேட்கிறது.