நாவலிலிருந்து அம்மா எடுத்த சொல்

வலியசாலை,
திருவனந்தபுரம்.

சௌபாக்கியவதி ஜானவிக்கு அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. அந்தக் கனடா தேசத்துக் கால்கரிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க பகவானை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று அடுத்த வரியை எழுதிப் பழகின கை இன்று மறுக்கிறது. ஆறு வாரமாக உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன் அம்மா. உன் அம்மா குளிக்கிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள், தொண்டை கட்டியிருக்கிறது என்று போனில் சொன்னதெல்லாம் பொய். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவேன், அதனால்தான் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

அன்று காலை காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவள் டபராவை நழுவவிட்டாள். என்னடி பாகீரதி என்றேன், வாய் கோணிக்கொண்டு வந்தது. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தோம். கை கால் பெரும்பாலும் மீண்டுவிட்டது, பேச்சு மீளவில்லை. எதிரே நிற்பது யார், தனக்கு என்ன வேண்டும் எல்லாம் அவளுக்குத் தெரிகிறது, அதற்கான வார்த்தைதான் வருவதில்லை. உன் கல்யாணப் போட்டோவைத் தடவிப் பார்த்து அழுகிறாள், பேர் வரவில்லை. முப்பது வருஷம் ஆபீசில் மலையாள பைல் பார்த்தவள் ஆகையால் அந்த பாஷையில் நாலு சொல் முந்திக்கொண்டு வரும், தண்ணீர் வேண்டுமென்றால் வெள்ளம் என்பாள். தமிழ் அடைத்துக்கொண்டது. உனக்கு ஏழாம் மாதம், கேட்டால் பிளேன் ஏறிவிடுவாய் என்று பயந்து மறைத்தேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஜெஸ்லின் என்று ஒரு பெண் வருகிறாள், நாகர்கோவில்காரி. முதலில் படம் போட்ட அட்டையைக் காட்டிப் பூனை, குடை என்று சொல்லச் சொன்னாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மைக்கு இது வெக்கமாட்டு இருக்கு சார், அவங்க முன்னாடி என்ன வாசிப்பாங்க என்று ஜெஸ்லின் கேட்டாள். கல்யாணத்தின்போது பெட்டியில் கொண்டுவந்தாளே, பைண்டு பண்ணின பழைய ராஜா ராணி நாவல், அதை எடுத்துக் கொடுத்தேன். அவள் வகுத்த பயிற்சி இதுதான்: தினம் ஒரு பக்கம் நான் வாசிக்க வேண்டும், அம்மா வரியில் விரல் ஓட்டி வர வேண்டும், பிடித்த சொல்லில் நிறுத்தி அதைச் சொல்லி, பிறகு நம் வீட்டு விஷயத்தில் பொருத்திப் பேச வேண்டும். முதல் நாள் வைகறை என்ற சொல்லில் நிறுத்தினாள். கால்மணி நேரம் திணறி, வைகறை, பால்காரன் என்றாள். ஜெஸ்லின் கை தட்டினாள். நாலாம் நாள், பாத்திரம் தேய்க்க வரும் வடிவம்மாள் என்னை அதட்டி நகரச் சொன்னபோது, அம்மா அவளைக் காட்டி சேனாதிபதி என்றாள். வடிவம்மாள் உட்பட எல்லோரும் சிரித்தோம். அப்படி நல்ல நாள் வந்தால் அடுத்த இரண்டு நாள் ஒன்றும் வராது, புத்தகத்தைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கோ பொறுமை கிடையாது, அவள் வாய் திறப்பதற்குள் நானே வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடுவேன். நீங்க சொல்லிக் குடுத்தா அது உங்க வார்த்தை சார், அம்மைக்க வார்த்தை இல்ல என்று ஜெஸ்லின் கண்டித்தாள்.

போன வியாழக்கிழமை நீ கூப்பிட்டபோது அம்மா தூங்குகிறாள் என்றேன். அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். போனை வைத்ததும் நாவலை இழுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தாள். வெள்ளமா, மாத்திரையா, படுத்துக்கொள்கிறாயா என்று நான் அடுக்கினேன், கையால் என் வாயைப் பொத்தினாள். ராஜா போரில் விழுந்த செய்தியை மந்திரி ராணியிடம் மறைக்கிற கட்டம், அங்கே ஒரு வரியில் விரலை வைத்தாள். பிறகு புத்தகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்து வஞ்சகம் என்றாள். தெளிவாகச் சொன்னாள். அதோடு விடவில்லை, பயிற்சியில் செய்வதுபோலப் பொருத்தியும் சொன்னாள்: நீங்க... ஜானுட்ட... வஞ்சகம். உன் பேர் அவள் வாயில் வந்தது அன்றுதான். வெட்கப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வருஷத்தில் அவள் என்னை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை, சொன்னது சரியான வார்த்தை.

முழுப் பேச்சும் திரும்புமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. வருவதா வேண்டாமா என்பதை உன் டாக்டரைக் கேட்டு நீயே முடிவு செய், இனி உனக்காக நான் எதையும் தீர்மானிக்க மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு, ஐஸில் பார்த்து நட, மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். தீர்க்காயுசாக, சுகப்பிரசவமாகி, மனம் நிறைந்து இரு. ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, அம்மா எதிரே இருப்பாள். அவள் வாய் அசைந்து சத்தம் வராமல் நின்றால் லைன் போய்விட்டது என்று நினைத்துக் கட் பண்ணிவிடாதே. எவ்வளவு நேரம் ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிரு.

இப்படிக்கு,
உன் மன்னிப்பை எதிர்பார்க்கும் அப்பா,
சேஷன்