பாடம் முடிந்தது, மீதி இல்லை

நெய்வேலி, வட்டம் 21
மார்ச் 18, செவ்வாய்க்கிழமை

என் கண்ணு வெங்கடேஷுக்கு,

அம்மா தனபாக்கியம் எழுதுறது. நாங்க மூணு பேரும் இங்க சுகம், நீ அங்க சுகமான்னு முதல் வரி எழுதிட்டு அதை நானே அடிச்சுட்டேன், மேல கிறுக்கலா தெரியுறது அதுதான். ஏன் அடிச்சேன்னு போகப் போக உனக்கே தெரியும். உடம்புக்கு யாருக்கும் ஒண்ணும் இல்ல, அதுக்காகப் பயந்துக்காத. அப்பாவுக்குச் சர்க்கரை ஏறுது இறங்குது, எனக்கு முட்டி வலி எப்பவும் போல. போன்ல சொல்ல வேண்டியதுதானே, எதுக்கு இந்தக் காலத்துல அயர்லாந்துக்குக் கடுதாசின்னு கேப்ப. போன்ல உன் மூஞ்சியப் பாத்தா நான் மறுபடி பொய் சொல்லிருவேன் சாமி, அதான். பேனா பிடிச்சா மட்டும் நான் அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணான்னா அதுவும் இல்ல, இந்த ஒண்ணேகால் வருஷமா அத்தனை பொய்யையும் பேனாவாலதான் எழுதினேன். இன்னைக்கு எழுதுறது நிஜம், பொறுமையா படி.

உன் தங்கச்சி இசைப்பிரியா ப்ளஸ் ஒன் பாதியில பள்ளிக்கூடத்த விட்டது உனக்குத் தெரியும். எப்படி விட்டான்னு உனக்கு முழுசா சொன்னதில்ல, வெளிநாட்ல இருக்கிற புள்ள மனச எதுக்குக் கலைக்கணும்னு அப்பா சொல்லிட்டார். காலைல குளிச்சு யூனிபார்ம் போட்டு ரெட்டைச் சடை பின்னி சைக்கிளை உருட்டிக்கிட்டு கேட் வரைக்கும் போவா, அங்க நின்னு வாந்தி எடுப்பா. வாய கழுவிட்டு மறுபடி ஏறிப் போவா. நாப்பது நாள் இப்படி. ஆஸ்பத்திரில எல்லா டெஸ்டும் எடுத்துட்டு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. பாண்டிச்சேரில ஒரு மனசு டாக்டரம்மாதான் கொஞ்ச நாளைக்கு விடுங்க, வீட்ல இருந்தே படிக்கட்டும்னு சொன்னாங்க. அப்புறம்தான் ஓப்பன் ஸ்கூல்ல பேர் குடுத்து, ப்ளஸ் டூ பரீட்சைய நேரா எழுத வைக்கிறதுன்னு முடிவாச்சு. அக்கம்பக்கத்துல என்ன பேசினாங்கன்னு நான் எழுத வேண்டாம், ஊர் வாய மூட உலைமூடி கிடையாது. வயசுப் பொண்ண எதுக்குங்க வீட்டோட வச்சிருக்கீங்கன்னு கேட்டவங்ககிட்ட எல்லாம் நாங்களே ஸ்கூல் நடத்துறோம்னு நெஞ்ச நிமித்திச் சொன்னேன், அந்த நெஞ்சுக்குத்தான் இப்ப வலி.

உங்கப்பா வீட்டையும் மைன்ஸாத்தான் பாப்பார்னு உனக்குத் தெரியுமே. முப்பத்தோரு வருஷமா கன்வேயர் பெல்ட் ஓட்டுற மனுஷன், ஷிப்ட் இல்லாம அவருக்கு எதுவும் ஓடாது. அவர் முதல் ஷிப்ட் போற வாரம் காலைல நான், சாயங்காலம் அவர். ரெண்டாம் ஷிப்ட்னா தலைகீழ். நான் பி.எஸ்ஸி படிச்சவங்கிறதால பயாலஜியும் இங்கிலீஷும் எனக்கு, கணக்கும் பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் அவருக்கு. ஒருத்தர் வரும்போது இன்னொருத்தர் கடைக்கோ வேலைக்கோ கிளம்பியிருப்போம், நேர்ல பாத்து இன்ன பாடம் ஆச்சுன்னு சொல்லக்கூட நேரம் இருக்காது. அதுக்காக ஒரு நீள நோட்டு வாங்கி ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு லாக் புக் ஆக்கிட்டார். தேதி, ஷிப்ட், என்ன பாடம், எவ்வளவு மீதி, கடைசியில புரிஞ்சுதான்னு ஒரு கட்டம், அதுல இசை டிக் போட்டுக் கையெழுத்து வைக்கணும். எனக்கும் முதல்ல அது பிடிச்சுதான் இருந்துச்சு. ஒவ்வொரு நாளும் பாடம் முடிந்தது, மீதி இல்லைன்னு எழுதும்போது ஏதோ சாதிச்ச மாதிரி இருக்கும். ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணி எவ்வளவு முடிஞ்சுதுன்னு கேப்ப, அப்பா அந்த நோட்டப் பிரிச்சு வச்சுக்கிட்டு வாசிப்பார், நீ சூப்பர்ப்பான்னு சொல்லுவ. பக்கத்துல உக்காந்திருக்கிற புள்ள தரையவே பாத்துக்கிட்டிருப்பா. வெக்கப்படுறான்னு நெனச்சோம், நம்ம அறிவு அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை அப்பாவுக்கு வாராந்திர லீவு. ஏப்ரல் ஒன்பது பரீட்சை, ஒரு தடவ வீட்லயே எழுதிப் பாக்கட்டும்னு போன வருஷத்து கேள்வித்தாள் எடுத்துட்டு வந்து, சாப்பாட்டு மேசைய சுவரோரம் இழுத்துப் போட்டு, பத்து மணிக்கு உக்கார வச்சார். ஒரு மணிக்குப் பேப்பர வாங்கினார். பேர் எழுதியிருந்தா, நம்பர் எழுதியிருந்தா, முதல் கேள்விக்கு ரெண்டு வரி எழுதி நிறுத்தியிருந்தா. மீதிப் பதினாலு பக்கத்துக்கும் பென்சில்ல மார்ஜின் போட்டு வச்சிருந்தா வெங்கடேஷ். ஒரு கோடு கோணல் இல்ல. மூணு மணி நேரமும் எங்க புள்ள மார்ஜின் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா, அப்பா எதிர்ல உக்காந்து கடிகாரத்தப் பாத்துக்கிட்டிருந்தார்.

அவர் திட்டல. திட்டியிருந்தாலும் பரவாயில்ல. லாக் புக்க எடுத்து முதல் பக்கத்துல இருந்து பொரட்டினார். ஓடாத பெல்ட்டுக்கு டன் கணக்கு எழுதுறவன ஒரு பார்வையில பிடிச்சிருவேன்னு சொல்லுவாரே, அந்த மனுஷன் அவ்வளவு டிக்கையும் ஒண்ணு ஒண்ணா விரல் வச்சுப் பாத்தார். எல்லாத்தையும் முடிச்சிருக்கோமே, எல்லாம் புரிஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டிருக்காளே, அப்புறம் எப்படின்னு என்னக் கேட்டார். எனக்கு அதுக்கு மேல தாங்கல. என் ஷிப்ட்ல எழுதினதுல பாதிக்கு மேல பொய்ங்கன்னு சொல்லிட்டேன். புத்தகத்தத் திறந்தா அவளுக்குக் கை நடுங்கும், தலை வலிக்குதும்மான்னு என் மடியில படுத்துக்குவா, நான் எண்ணெ தேய்ச்சு விட்டுக்கிட்டே உக்காந்திருப்பேன், அப்படியே தூங்கிருவா. நீங்க வேலை முடிஞ்சு களைச்சு வருவீங்க, ஒண்ணும் நடக்கலன்னு எழுதி வைக்க மனசு வரல, முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சேன்னு அழுதுட்டேன். அவர் நோட்ட மூடி வச்சார். அப்புறம் சொன்னார், என் ஷிப்டும் அதேதான் தனம்னு. கணக்குப் போடச் சொன்னா பேனாவப் பிடிச்சுக்கிட்டே இருப்பாளாம், கண்ணுல இருந்து சொட்டு சொட்டா நோட்டுல விழுமாம். பாக்கப் பொறுக்காம வண்டியில ஏத்திக்கிட்டு கம்மாபுரம் ரோட்ல ஒரு சுத்து சுத்திட்டு, அவிச்ச வேர்க்கடலை வாங்கிக் குடுத்துக் கூட்டிட்டு வந்துட்டு, நான் வருத்தப்படுவேன்னு பிசிக்ஸ் ஏழாம் பாடம் முடிந்தது, மீதி இல்லைன்னு எழுதிருவாராம். வீட்ல மூலைக்கு மூலை வேர்க்கடலைத் தோல் கிடக்குதேன்னு நான் கூட்டிக் கூட்டித் தள்ளியிருக்கேன், ஒரு நாள் யோசிச்சிருப்பேனா. இத்தனையும் கேட்டுக்கிட்டு நின்ன இசை, நீங்க ரெண்டு பேரும் எனக்காக எழுதினீங்க, நான் புரியலன்னு கட்டத்துல போட்டா ரெண்டு பேருக்கும் சண்டை வரும்னுதான் டிக் போட்டேன்னு சொன்னா. ஒருத்தர ஒருத்தர் காப்பாத்துறோம்னு நெனச்சு மூணு பேரும் சேந்து ஒரு நோட்ட நெரப்பியிருக்கோம். அவளுக்கு ஒரு பாடமும் ஏறல.

அதுக்கப்புறம் எனக்கு ஒரு வேலையும் ஓடல. அரிசி கழுவி வச்சுட்டு அடுப்பப் பத்த வைக்க மறந்துடுறேன். இதுல இன்னொரு பாவமும் சேத்து வச்சிருக்கேன். வெண்மதின்னு ஒரு பொண்ணு, மேல்பட்டாம்பாக்கம், அவ புருஷன் இங்க கான்ட்ராக்ட்ல இருக்காரு. பத்தாவது படிக்கிற பையன உடம்பு சரியில்லாம வீட்ல வச்சுப் படிக்க வைக்கிறா, பஸ் பிடிச்சு என்னப் பாக்க வருவா. நீங்கதாங்க்கா எனக்கு தைரியம்னு சொல்லுவா. நான் என்ன பண்ணேன் தெரியுமா, லாக் புக்கக் காட்டி நீயும் இப்படி ஒண்ணு போடு, விடாம செய்யி, தானா வரும்னு உபதேசம் பண்ணி அனுப்பினேன். சனிக்கிழமை நானே பஸ் ஏறிப் போய் அவகிட்ட உண்மையச் சொன்னேன். காறித் துப்பினாலும் வாங்கிக்கணும்னுதான் போனேன். அவ அப்படியே வாசப்படியில உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டா. எங்க வூட்லதான் இப்டி, ஒங்க வூட்ல எல்லாம் நடக்குது, நாந்தான் லாயக்கில்லாதவன்னு நெனச்சிகினு இருந்தேங்க்கா, தெனம் அழுதுகினுதான் நோட்ட எழுதறேன்னு சொன்னா. ரெண்டு பேரும் டீ போட்டுக் குடிச்சோம். ஒரு வருஷத்துல நான் அவளுக்குக் குடுத்த ஒரே தைரியம் அதுதான்னு நெனைக்கிறேன், எங்களாலயும் முடியலன்னு சொன்னது. அது எத்தன நாளைக்கு வரும்னு தெரியல.

இனிமே என்னன்னு கேக்காத, எனக்குத் தெரியாது. மூணு வாரம் இருக்கு. அக்டோபர்ல எழுதட்டும்னு அப்பா சொல்றார், சொல்லிட்டு புத்தகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார். அடுத்த வருஷம் அவருக்கு ரிட்டயர்மென்ட், குவார்ட்டர்ஸ காலி பண்ணணும், அதுக்குள்ள இந்தப் பொண்ணு ஒரு கரை ஏறணும்னு அவர் போட்ட கணக்கெல்லாம் போச்சு. அக்டோபர்ல மட்டும் கை நடுங்காதான்னு எனக்கு நம்பிக்கை இல்ல. பள்ளிக்கூடத்துல விட்டிருந்தா பழகியிருப்பாளோ, நாங்கதான் கெடுத்தோமோன்னு விடிஞ்சா அதே நெனப்பு. நாங்க வாத்தியாரும் இல்ல, டாக்டரும் இல்ல, பெத்தவங்க, அவ்வளவுதான். பெத்தவங்களா மட்டும் இருந்திருந்தா பாதி உண்மையாவது பேசியிருப்போம். பாண்டிச்சேரிக்கு வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டிட்டுப் போறோம், இதையெல்லாம் அந்த டாக்டரம்மாகிட்ட சொல்லப் போறோம்.

நேத்து அவ சொன்ன ஒண்ணுதான் என்ன இந்தக் கடுதாசிய எழுத வச்சுது. அவ தலைய சீவி விட்டுக்கிட்டு, ஞாயித்துக்கிழமை அண்ணன் கூடப் பேசலாம் கண்ணு, அவன்கிட்டயும் சொல்லிருவோம்னேன். வேண்டாம்மான்னா. அண்ணன் ஒரு நாள் கூட எனக்கு முடியலன்னு சொன்னதில்ல, அவரப் பாத்தாலே எனக்கு நான் எதுக்கு இருக்கேன்னு தோணுதுன்னா. சீப்பு என் கையிலயே நின்னுபோச்சு. அப்பதான் யோசிச்சேன். நீ போன் பண்ணினா நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், வேலை பரவாயில்லன்னு மூணும் அதே வரிசையில சொல்ற. பொங்கலுக்கு அப்புறம் ஒரு நாளாவது அத மாத்திச் சொன்னியா. முன்னெல்லாம் ரூமக் காட்டுவ, ஜன்னலக் காட்டுவ, அடுப்புல கொதிக்கிற சாம்பாரக் காட்டுவ. இப்ப மூஞ்சிகிட்டயே போனப் பிடிச்சுக்கிற, வீட்டுக்குள்ளயே ஸ்வெட்டரும் குல்லாயுமா உக்காந்திருக்க. நானும் பாத்துட்டுதான் இருந்தேன், கேட்டா உண்மை வந்துருமோன்னு பயந்து கேக்காம விட்டேன். அதுவும் லாக் புக்தானா கண்ணு. நீயும் எங்களுக்காக மீதி இல்லைன்னு எழுதிக்கிட்டிருக்கியா. அப்படி இல்லன்னா சந்தோஷம், கிழவி உளர்றான்னு விட்டுரு. அப்படித்தான்னா எனக்கு வேண்டாம், உன் தங்கச்சிக்குச் சொல்லு. அவளுக்கு இப்ப பாடம் சொல்லிக்குடுக்க ஆள் வேண்டாம், முடியலன்னு சொல்ற இன்னொரு ஆள் வேணும்.

லாக் புக்க அப்பா தூக்கிப் போடப் போனார், இசைதான் வாங்கி வச்சுக்கிட்டா. இன்னைக்குக் காலைல அது மேசை மேல திறந்து கிடந்துச்சு. அவ கையெழுத்துல, படிக்கவில்லை, அப்பா செய்த உப்புமா தீய்ந்துவிட்டது, மூன்று பேரும் சாப்பிட்டோம், பாடம் எல்லாமே மீதின்னு எழுதியிருந்தா. புரிஞ்சுதாங்கிற கட்டத்த வெறுமனே விட்டிருந்தா. ஒண்ணேகால் வருஷத்துல அந்த நோட்டுல இருக்கிற ஒரே நிஜம் அந்த ஒரு வரிதான், அதப் படிச்சுட்டு நான் அழுதேன், எதுக்குன்னு தெரியல.

எந்த ஊர்ல இருந்தாலும் நம்ம குலசாமி உன் கூட நிக்கும், உடம்பப் பாத்துக்க, குளிர்ல வெறும் வயித்தோட வெளிய போகாத. இந்தக் கடுதாசி வந்து சேர எத்தன நாள் ஆகுமோ. கைக்குக் கிடைச்ச பிறகு வர்ற ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போது எவ்வளவு முடிஞ்சுதுன்னு கேக்காத. இசை பக்கத்துல உக்காந்திருப்பா. போனத் திருப்பி உன் ரூமக் காட்டு, அது எப்படி இருந்தாலும் சரி.

உன் அம்மா,
ந. தனபாக்கியம்