நல்லா இருக்கேன் என்று சொன்ன குற்றம்

மார்ச் 4, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமே இல்லையாம்! ஹோட்டல் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வை வண்டி என்மேல் சாய்ந்து வலது தோள் நொறுங்கியதும், கை நெஞ்சுக்கு மேல் எழும்ப மாட்டேன் என்று அடம்பிடிப்பதும் என் கற்பனை போலிருக்கிறது. உதவித்தொகை கிடையாது என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டது. காரணம், அவர்களுடைய டாக்டரின் குறிப்பு: "நலமாக இருப்பதாக நோயாளியே தெரிவித்தார்."

நான் எப்போது தெரிவித்தேன்?

மார்ச் 5

ஞாபகம் வந்துவிட்டது. நான் உள்ளே நுழைந்ததும் டாக்டர், "வாங்கம்மா, எப்படி இருக்கீங்க?" என்றார். "நல்லா இருக்கேன் டாக்டர், நீங்க எப்படி இருக்கீங்க?" என்றேன். என் நலத்தை மட்டும் மனிதர் அக்கறையாக எழுதிக்கொண்டிருக்கிறார். மரியாதை தெரிந்த குடும்பத்தில் பிறந்ததற்குத் தண்டனை.

மார்ச் 11

வக்கீலம்மாவைப் பார்த்தேன். மேல்முறையீடு போடலாம், ஆனால் அதுதான் கடைசி வாய்ப்பு என்றார். "விசாரணையில யார் கேட்டாலும் நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"பின்ன என்ன சொல்றது?"

"உண்மையைச் சொல்லுங்க."

சட்டம் இவ்வளவு கஷ்டமானது என்று எனக்குத் தெரியாது.

ஜெயித்தே ஆக வேண்டும். என் சம்பளம் நின்றதிலிருந்து என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஓட்டுகிறார். பணம் வந்தால்தான் அந்த மனிதர் ஒருநாளாவது காலை நீட்டிப் படுப்பார்.

மார்ச் 19

போனில் ஒத்திகை. "எப்படிம்மா இருக்கீங்க?" என்றார் வக்கீலம்மா. "நல்லா இருக்கேன்மா" என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

ஏப்ரல் 2

நாளை விசாரணை. இவரும் வருகிறாராம். வேண்டவே வேண்டாம் என்றேன். "லீவு போட்டாச்சு" என்கிறார். எதற்குமே லீவு கிடைக்காத வேலையில் இதற்கு மட்டும் கிடைத்துவிட்டது!

இவரிடம் இத்தனை நாளும், "பரவாயில்ல, நாளாக நாளாக சரியாகுது" என்று அளந்துகொண்டிருக்கிறேன். நாளை இவரை வைத்துக்கொண்டே எப்படிப் பேசுவேன்?

ஏப்ரல் 3

விசாரணை அதிகாரி பார்க்க நல்ல மனிதராகத்தான் இருந்தார். எடுத்த எடுப்பில், "எப்படி இருக்கீங்கம்மா?" என்றார். வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"நல்லா இல்லைங்க."

நிறுவனத்து வக்கீல் என் குட்டை முடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "முடியெல்லாம் ஸ்டைலா வெட்டியிருக்கீங்களே" என்றார். அவருக்கு நன்றி. அதற்கப்புறம்தான் எனக்கு வாய் திறந்தது. "ஸ்டைல் இல்லைங்க. கை தூக்கி சீவ முடியல, பின்ன முடியல. அதான் வெட்டிட்டேன். வீட்ல ஃபேஷன்னு சொல்லி வச்சிருக்கேன். ராத்திரி வலப்பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. முனகினா இவரு எழுந்துடுவாருன்னு தலையணையைக் கடிச்சுக்கிட்டுக் கிடப்பேன்."

பின்வரிசையில் இவர் இருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. தைரியம் இல்லை.

ஏப்ரல் 4

இவர் என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 9

சாப்பாடு போடவா என்றால் "ம்". போதுமா என்றால் "ம்". கோபம்தான். ஏன் வராது? கட்டிக்கொண்டவளே கதை அளந்தால் வராதா? ஆனால் நான் யாருக்காக அளந்தேன், அதை யார் கேட்கிறார்கள்!

ஏப்ரல் 25, வெள்ளி

தீர்ப்பு வந்தது. ஜெயித்துவிட்டோம். மாதாமாதம் உதவித்தொகை வரும். "வாழ்த்துகள்மா, நிரந்தரக் குறைபாடுன்னு ஒத்துக்கிட்டாங்க" என்று வக்கீலம்மா கை குலுக்கினார். பள்ளிக்கூடத்தில்கூட இப்படி ஒரு சான்றிதழ் வாங்கியதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. வீடு வரும்வரை தீர்ப்பில் அந்த "நிரந்தர" என்ற வார்த்தையை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் இவர் இருந்தார். சமையலறை அலமாரியின் மேல்தட்டு காலி. எல்லா டப்பாவும் என் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருந்தன. சர்க்கரைக்குப் பக்கத்தில் சோப்புத்தூள். மிளகாய்த்தூளைக் காணவே காணோம்.

"யாரு இப்படி அடுக்கச் சொன்னா?"

"உனக்கு எட்டணும்ல."

ஜெயித்ததைச் சொல்லித் தீர்ப்பை நீட்டினேன். வாங்கி, படிக்காமலே மேஜைமேல் வைத்தார். அப்புறம் என் தோளைப் பார்த்துக்கொண்டே, தொடாமல் கேட்டார்: "ரொம்ப வலிக்குதா?"

"ஆமா, ரொம்ப வலிக்குது" என்றேன். பக்கத்தில் வக்கீல்கூட இல்லை.