மாவின் எக்ஸ்ரேயும் திண்டிவனத்து வரனும்

சேசு மரி சூசை துணை

விழுப்புரம்,
வியாழன் மாலை

அன்பு மகள் ஆரோக்கியசெல்விக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் அப்பாவும் சுகம், உன் சுகத்தைத்தான் செபமாலை சொல்லும்போதெல்லாம் மாதாவிடம் கேட்டு வாங்குகிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நடுநடுவே போனைப் பிடுங்குவார் என்று தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், நிதானமாகப் படி. மழை விட்டுவிட்டது, மாடியில் மல்லாட்டைக் கடலை காய்கிறது, வேணி அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போது எதிர்வீட்டுச் சண்டையெல்லாம் தெளிவாகத் தெரிகிறதாம்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் திண்டிவனத்திலிருந்து உன்னைக் கேட்டு வந்தார்கள், பையன் சகாயராஜும் அவன் அப்பா அம்மாவும். பேச்செல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பிரான்சில் உனக்கு என்ன வேலை என்று கேட்டார்கள், அரிசி, கிழங்கு மாவை எக்ஸ்ரேயில் வைத்து ஆராய்ச்சி செய்கிறாய் என்று நான் சொன்னதும் அந்த அம்மா காபியைக் கீழே வைத்துவிட்டு, "மாவ எக்ஸ்ரே எடுக்குறதா? மாவுக்கு என்னாங்க எலும்பா முறிஞ்சிருக்குது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பாவும்தான், அவரை அப்புறம் கவனித்துக்கொண்டேன். அதன் பிறகுதான் மனதில் இருந்தது வெளியே வந்தது, "தெனம் எக்ஸ்ரேகிட்டயே நின்னுக்கினு இருக்குற பொண்ணுக்கு நாளைக்கு ஒரு கொழந்த தங்க வேணாமா?" எனக்குக் கோபம் வரவில்லை, இதே பயத்தில் நானும் உன்னிடம் கேட்டவள்தானே. அந்த மெஷின் இரும்பு அலமாரி மாதிரி மூடியிருக்கும், கதவைத் திறந்தால் கதிர் தானாக நின்றுவிடும், நெஞ்சில் குத்தியிருக்கும் அட்டை கதிர் பட்டால் காட்டிக்கொடுத்துவிடும், இதுவரை அதில் ஒன்றும் ஏறவில்லை என்று நீ சொன்னதையே சொன்னேன்.

மாவுக்குள் என்ன பார்க்கிறாய் என்றும் சொல்லாமல் விடவில்லை. ஒரு துளி மாவுத் துகளுக்குள் அறுத்த வெங்காயம் போல வளையத்துக்குள் வளையம், அதற்குள் சர்க்கரைச் சங்கிலிகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு வரிசையாக அடுக்கியிருக்கும், கதிர் அந்த அடுக்கில் பட்டுச் சிதறிக் கம்ப்யூட்டரில் ஒரு கோடு முகடு முகடாக ஏறி இறங்கி வரும், அரிசிக்கு ஒரு மாதிரி, உருளைக்கிழங்குக்கு வேறு மாதிரி, வேகவைத்தால் அடுக்கு குலைந்து முகடெல்லாம் போய் ஒரு மேடுதான் மிஞ்சும் என்றேன். ஆறவைத்த சோற்றில் கொஞ்சம் சங்கிலி திரும்பவும் அடுக்கிக்கொள்ளும், அது மெதுவாகத்தான் செரிக்கும் என்றதும் பையனின் அப்பா நிமிர்ந்து, "எனக்கும் சக்கரைதாம்மா, அப்ப பொண்ணு எனக்காவத்தான் படிச்சிக்கினு இருக்குது!" என்றார். "நீ கம்முனு இருய்யா" என்று அந்த அம்மா அடக்கிவிட்டார். டாக்டரைக் கேட்காமல் பழைய சோற்றில் இறங்கிவிடாதீர்கள் என்று நானும் சொல்லிவைத்தேன்.

அந்த அம்மா மசியவில்லை. கல்யாணத்துக்கு முன்பே மெஷின் வேலையை விட்டுவிட்டுத் திண்டிவனத்தில் ஏதாவது காலேஜில் சேர்ந்துவிட வேண்டும், வரும் ஞாயிறு பதில் சொல்லுங்கள் என்று எழுந்துவிட்டார். அப்பா பயந்துவிட்டார், "முப்பத்தொண்ணு ஆவுது, இன்னும் எவன் வருவான்" என்று ஒரே பேஜாரு. வீட்டுக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் தூங்காதவள் நான், இதையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன் செல்வி. இத்தனை வருஷம் நீ படித்ததைக் கழித்துவிட்டு வரும் கல்யாணத்தில் நீ பாதிதான் இருப்பாய். உன் அம்மா அதற்குச் சம்மதிக்க மாட்டாள்.

ஒன்று மட்டும் உனக்குத் தெரிய வேண்டும். அவன் அம்மா காரில் ஏறிய பிறகு சகாயராஜ் செருப்பு மாட்டுகிற சாக்கில் நின்று, "ஆன்ட்டி, அந்த முகடுன்னு சொன்னீங்களே, அதை ஒரு போட்டோ அனுப்பச் சொல்றீங்களா, பாக்கணும்" என்று மெதுவாகக் கேட்டான். உன்னைக் கேட்காமல் நம்பர் தரவில்லை. நல்ல முகம், ஆனால் தன் அம்மா எதிரில் வாயைத் திறக்கவில்லை.

அதனால் நீ இப்போது எதுவும் அனுப்பாதே. ஞாயிறு பூசை முடிந்து நானே போன் செய்து, வேலையை விடச் சொன்னால் பெண் இல்லை என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அப்பாவுக்கும் சொல்லியாயிற்று. குளிருக்குக் காது மூடிக்கொள், இரவு சாப்பாட்டைத் தவிர்க்காதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. பெண் இல்லை என்று நான் சொன்ன பிறகும் அந்தப் பையன் என்னிடம் அந்த முகட்டுப் படத்தைக் கேட்டால் சொல்கிறேன், அப்போது அனுப்பு.

ஆசீருடன் உன் அம்மா,
சவுரியம்மாள் ராயப்பன்