அது யார் கை?

அன்புள்ள குண்டூசிக்கு,

சீரியலில் செத்துப்போன உனக்கு, அதே சீரியலில் பேயாகத் திரியும் ஒட்டடைக்குச்சி எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும், நீ இப்போது வேலைக்குப் போகும் உன் அக்கா வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடிக் கடையும் நலமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று முகத்தைச் சுளிக்காதே. என் நம்பரை நீ பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டாலும் என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டே வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் பட்டுவிடும். அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன்னைக் கதையிலிருந்து தூக்கச் சொன்னது நான் இல்லை. நீ திரும்பி வர வேண்டும். பேயாக.

இனி நிதானமாகப் படி.

முகவரி கேட்டு உன் அம்மாவிடம் போனேன். "என் பொண்ணை மாடியிலேர்ந்து தள்ளிவிட்டவதானே நீ" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். அது சீரியலில்தான் அம்மா என்றேன். "அங்க தள்ளினவளுக்கு இங்க தள்ள எவ்வளவு நேரமாகும்" என்றார். பிறகு ஒரு வழியாக உள்ளே விட்டு, டீ கொடுத்து, குரலைத் தாழ்த்தி, சீரியலில் சாகக்கிடக்கும் மாமியார் பிழைப்பாளா மாட்டாளா என்று கேட்டார். பிழைப்பாள் என்று நான் ரகசியத்தை உடைத்த பிறகுதான் உன் முகவரி கிடைத்தது. உன் குடும்பத்தில் யாரிடமும் எதுவும் சும்மா வாங்க முடியாது.

சரி, கதைக்கு வருகிறேன். பெரிய வீட்டில் ஒன்றாக வேலை செய்து, ஒரே பாயில் படுத்த தோழியை, செத்துப் பேயானவள் எதற்காகக் கொல்ல வேண்டும் என்று நீ டைரக்டரிடம் சண்டை போட்டாயே, அப்போது அவர் சொன்ன பதில் நினைவிருக்கிறதா? "பேய்னா கொல்லும்மா. அதுக்கு என்ன காரணம் வேணும்?" நாம் ஏழைப் பெண்களாக நடிக்கிறோம் இல்லையா, நமக்குக் காரணம் தேவையில்லை. பெரிய வீட்டு மருமகள் கண்ணீர் விட்டால் மட்டும் முன்கதை, பின்கதை, மழை, வயலின் எல்லாம் வரும்.

அந்தக் காரணமில்லாத கொலைதான் இப்போது அவர் காலைச் சுற்றிவிட்டது. நீ செத்ததும் உன் படத்தை மாட்ட வேண்டியிருந்தது. வேலைக்காரி படத்தை ஹாலில் மாட்டமாட்டார்கள் என்பதால் சமையலறைச் சுவரில் மாட்டினார்கள். தனியாகப் படம் எடுத்தால் செலவு என்று மேனேஜர் ஒரு காரியம் செய்தார். முதல் நாள் நாம் இருவரும் உடை போட்டுப் பார்த்தபோது எடுத்த படத்தில் என்னை வெட்டி எறிந்துவிட்டு, உன்னை மட்டும் சட்டம் போட்டார். வெட்டியவர் ஒழுங்காக வெட்டவில்லை. உன் தோளில் என் கை மட்டும் நின்றுவிட்டது, அந்த நெளிந்த வளையலோடு.

பேயின் வளையலை ஊரே அறியும். சேனலுக்குப் போன் மேல் போன். அது யார் கை? கொன்றவள் கை என்றால் ஏன் அவ்வளவு ஆசையாகத் தோளில் கிடக்கிறது? பேய் சுவர் வழியாக வருவதை ஜனங்கள் கேள்வி கேட்காமல் நம்பினார்கள். ஒரு சிநேகிதி காரணமில்லாமல் மாறியதை நம்ப மறுத்துவிட்டார்கள். எனக்கு அவர்களை எல்லாம் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

சேனலிலிருந்து ஓர் அம்மா செட்டுக்கே வந்துவிட்டார். "அதை நாங்க வேணும்னுதான் வெச்சோம் மேடம்" என்று டைரக்டர் கண் சிமிட்டாமல் சொன்னார். அப்படியானால் கொலைக்குக் காரணம் என்ன என்று அந்த அம்மா கேட்டார். டைரக்டர் கேமராமேனைக் கை காட்டினார். கேமராமேன் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். நான் மேக்கப் நாற்காலியில் பாதி முகத்துக்கு வெள்ளை பூசியபடி உட்கார்ந்திருந்தேன். வாய் சும்மா இருக்குமா? நான் தள்ளவில்லை, விழப்போனவளைப் பிடிக்கத்தான் கை நீட்டினேன் என்றேன். அந்த ஷாட்டைப் போட்டுப் பாருங்கள், என் கை அவள் மேல் படவே இல்லை என்றேன். போட்டுப் பார்த்தார்கள். படவில்லை. நீயாகத்தான் மெத்தையில் போய் விழுந்தாய். விழுந்து, எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு போனவள்தான். அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை.

எல்லாரும் கை தட்டிக்கொண்டிருக்கும்போது மேக்கப் அக்கா என் கன்னத்தில் பஞ்சை ஒற்றியபடி, "கதையில தள்ளலை, சரி. நிஜத்துல தள்ளிட்டியேடி. அவளைக் கதையிலேர்ந்து தூக்கிடுங்க, பேய் நான் ஒருத்தி போதும்னு நீதான் சொன்னியாமே" என்றாள். யார் சொன்னது என்றேன். மேனேஜர் உன்னிடம் சொன்னபோது தன் காதால் கேட்டதாகச் சொன்னாள்.

பாதி வெள்ளை, பாதி கறுப்பு முகத்தோடு, தலைவிரி கோலமாக மேனேஜர் அறைக்குள் நுழைந்தேன். அந்த ஆள் பேய் சீரியலில் சம்பளம் வாங்குகிறவர். என்னைப் பார்த்து "அய்யோ" என்று அலறி, சாப்பாட்டுத் தட்டோடு நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். கீழே உட்கார்ந்தபடியே உண்மை வந்துவிட்டது. "ரெண்டு பேரும் சேர்ந்து வந்து நின்னா சமாளிக்க முடியலம்மா. தனித்தனியா இருந்தா சத்தம் வராதுன்னு நினைச்சேன்."

எதற்காகச் சேர்ந்து நின்றோம்? சின்ன வேஷக்காரப் பெண்கள் உடை மாற்றும் அறைக்கு ஒரு கதவு கேட்டோம். சாமான் தூக்குகிறவர்களும் டிரைவர்களும் குறுக்கே போகிற இடத்தில், ஒரு திரைக்குப் பின்னால், ஒருத்தி பிடித்துக்கொள்ள ஒருத்தி மாற்றிக்கொண்டிருந்தோம். பேயின் காரணத்துக்கு இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இந்த மனுஷனின் காரணம் எவ்வளவு அற்பம் பார். ஒரு கதவு! அதற்காக நம்மைப் பிரித்துவிட்டார். என்னிடம் அவர் சொன்னது வேறு கதை: நான் பேயாகிப் பெரிய வேஷத்துக்குப் போனது உனக்குப் பொறுக்கவில்லையாம். நான் நம்பவில்லை. நம்பியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இனிமேல்தான் கூத்து. மேனேஜர் உளறியது செட் முழுக்கப் பரவிவிட்டது. கதவு வராமல் விளக்கு எரியாது என்று லைட் அண்ணன்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். பெரிய மருமகள் நடிகைகூட, சும்மா சொல்லக்கூடாது, எங்களோடு வந்து நின்றாள். உடனே கதவுக்கு எங்கே போவது? செட் போடும் ஆசாரி யோசிக்கவே இல்லை. பேய் அறையின் கதவைக் கழற்றி உடை மாற்றும் அறைக்கு மாட்டிவிட்டார். திறக்கும்போது இன்னும் அதே கிரீச் சத்தம்தான். உள்ளே போகிறவர்கள் எல்லாரும் ஒரு தரம் அலறிவிட்டுத்தான் போகிறார்கள். ஆனால் தாழ்ப்பாள் இருக்கிறது. அங்கே பேய் அறைக்குக் கதவில்லை. கதவு ஏன் மறைந்தது என்பதே புது மர்மம் என்று டைரக்டர் அதையும் கதையாக்கிவிட்டார். அந்த மனுஷனைத் திட்டுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை.

எல்லாம் மாறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். படப்பிடிப்பு இல்லாத நாளுக்கு இன்னமும் கூலி இல்லை. சாப்பாட்டுக்கு இன்னமும் இரண்டு வரிசைதான். நமக்கு வருவதற்குள் குழம்பு தண்ணீராகிவிடுகிறது. அதற்கெல்லாம் போய் நிற்க எனக்கு ஆள் வேண்டும். நான் உயரமாக நிற்பேன், அவ்வளவுதான். குத்துகிற மாதிரி பேச உன்னால்தான் முடியும்.

புதுக்கதை இதுதான். செத்தவளும் பேயாக வருகிறாள். இரண்டு தோழிகளும் சேர்ந்து அந்தப் பெரிய வீட்டை ஒரு வழி பண்ணுகிறார்கள். கேட்டதும் மேக்கப் அக்கா விசில் அடித்தாள். சேனல் அம்மாவுக்கு விசில் வராது, அதனால் மேஜையைத் தட்டினார்.

திங்கட்கிழமை முதல் காட்சி. மாடிப்படியில் இரண்டு பேய்களும் நேருக்கு நேர் பார்க்கின்றன. வசனம் எழுதுவதற்காக, நீ என்ன பேசுவாய் என்று டைரக்டர் என்னைக் கேட்டார். ஒன்றும் எழுதாதீர்கள், அவளுக்கே நிறைய இருக்கும் என்றேன். "உனக்கு என்னம்மா வசனம் வேணும்" என்றார். எனக்கு வேண்டாம் என்றேன்.

அதனால் வந்துவிடு. இத்தனை மாதமாக மனதில் வைத்திருப்பதை எல்லாம் அந்தப் படியில் நின்று கொட்டு. யாரும் கட் சொல்லமாட்டார்கள், பேசி வைத்திருக்கிறேன். நீ களைத்து உட்காரும்போது உனக்குப் பக்கத்துப் படியில் நான் உட்காருவேன். அப்போது மட்டும் நகர்ந்து போகாதே.

நீ நூறு வருஷம் நன்றாக இரு. உன் கோபம் திங்கட்கிழமை வரைக்கும் இருந்தால் போதும்.

திட்டு வாங்கத் தயாராக,
உன் ஒட்டடைக்குச்சி