சாவா?

மக்கா,

இன்று மகளுக்கு மருந்து வாங்கக் குளச்சல் கன்னியர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். படியேறும்போதே பினாயில் வாசம். உடனே உன் நினைப்பு, கூடவே சிரிப்பு. நின்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

நாம் இரண்டு பேரும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் துணிக்கடை வேலைக்குப் போக இருந்த வருஷம். அங்கே பிரெஞ்சு பேசாமல் பிழைக்க முடியாது என்றார்கள். கோயில் வெள்ளைக்காரச் சாமியாரிடம் போய் நின்றோம். அவர் சொன்னபடி, ராஜாக்கள் குதிரையில் சண்டை போட்ட காலத்தில் இங்கிலீஷ்காரர்கள் பிரெஞ்சு பேசப் பழகியது உரையாடல்களை மனப்பாடம் செய்துதானாம். ஒருவன் சத்திரக்காரன், ஒருவன் வழிப்போக்கன். நமக்கும் அதே பாடம். வலை காயும் மணலில் நின்று, "ஐயா, என் குதிரைக்கு வைக்கோல் உண்டா?" என்று நீ பிரெஞ்சில் கேட்பாய். நான் குனிந்து வணங்கி, உண்டு என்பேன்.

"கொளச்சல்ல ஏதுலே குதிர? மீன் வெல கேக்கப் படிப்பிச்சுத் தந்தா கொள்ளாம்" என்று அலுத்துக்கொள்வாய்.

கப்பலேற இருந்த வாரம் உனக்கு விஷக்காய்ச்சல் கண்டது. நினைவில்லாமல் கிடந்தாய். நான் ஆஸ்பத்திரி வாசலை விட்டு நகரவில்லை. ஒரு காலையில் உன் கட்டிலருகே நின்ற வெள்ளைக்கார சிஸ்டரிடம், புதிதாக வந்த சிஸ்டர் உன்னைக் காட்டி, "சாவா?" என்று கேட்டார். நின்றவர் தலையசைத்து, "சாவா" என்றார்.

நீ போய்விட்டாய் என்றே நினைத்தேன். கோயிலுக்கு ஓடி உபதேசியாரிடம் துக்க மணி அடிக்கச் சொன்னேன். அவர் கயிற்றைப் பிடித்துவிட்டார். சாமியார் வந்து தடுத்து, சிஸ்டர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். சொன்னேன். மனிதர் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

"அது பிரெஞ்சு. சுகமா என்று கேட்டார்கள். சுகம் என்று சொன்னார்கள். நான் தந்த பழைய பாடத்தில் இந்தச் சொல் இல்லை."

அங்கேயே அழுதேன். அப்படி நிம்மதியாக அதற்குமுன் அழுததில்லை.

கண் விழித்த பிறகு நீ கேட்டது: "மணிய அடிக்க விட்டிருக்கப்பிடாதாலே? நானும் கேட்டிருப்பேம்லா."

கப்பல் போய்விட்டது. நாம் போகவில்லை, வருந்தவும் இல்லை. அதன்பிறகு எங்கே கண்டாலும் நமக்குள் "சாவா?", "சாவா" தான். உன் பெண்டாட்டி வாயில் அடித்துக்கொள்வாள்.

போன மழைக்காலத்தில், மூச்சுக்குத் திணறிக் கிடந்த நீ என் கையைப் பிடித்து, "சாவா?" என்று கேட்டாய். எந்தப் பாஷையில் கேட்டாய் என்று எனக்குப் புரியவில்லை. "சுகம்தாம்லே" என்றேன். நீ சிரித்தாய். சிரித்தபடியே கண்ணை மூடினாய்.

சிரித்தாய் அல்லவா, அப்படியானால் பிரெஞ்சில்தான் கேட்டிருக்கிறாய்.